ஷைலாக்குக்கும் ஷைஸ்டருக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: ஏமாற்று வக்கீலை ஆங்கிலத்தில் ‘ஷைஸ்டர்’ என்று திட்டுகிறார்கள். இது ஷேக்ஸ்பியரின் ஷைலாக்கிலிருந்து வந்த சொல்தானே? தமிழில் எப்படிச் சொல்லலாம்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இல்லை. நன்றாகப் படித்தவர்களே இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம்தான் வருகிறது. ஷைலாக் வரும் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஷைலாக் கடன் கொடுத்தவர், பணம் திரும்பாததால் பத்திரத்தில் எழுதியபடி கடன் பட்டவரின் உடலிலிருந்து ஒரு பவுண்டு சதை வேண்டும் என்று வழக்குப் போட்டவர். வக்கீல் இல்லை. “சதையை எடுத்துக்கொள், ஆனால் ஒரு சொட்டு ரத்தம் சிந்தக்கூடாது” என்று பத்திரத்தின் வார்த்தையைப் பிடித்து மடக்கியது, சட்ட நிபுணர் வேடத்தில் வந்த போர்ஷியா. வழக்கில் தோற்று, மதம் மாறவும் உத்தரவு வாங்கிக்கொண்டு போன யூதரின் பெயரா ஏமாற்று வக்கீலுக்குப் பட்டமாகும்? ‘ஷை’ என்ற ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக ஓர் இனத்தின் தலையில் பழியைக் கட்டுகிறோம்.

ஸ்யூஸ்டர் என்றொரு நியூயார்க் வக்கீலின் பெயரிலிருந்து வந்தது என்றும் ஒரு கதை உண்டு. தேடிப் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு வக்கீல் அகப்படவே இல்லை.

சொல் பிறந்த இடம் நியூயார்க்தான். 1838-இல் அங்கே கோர்ட்டும் சிறையும் சேர்ந்த ஒரு கட்டடம் எழுந்தது. எகிப்தியக் கல்லறை போல இருந்ததால் ஜனங்கள் ‘டூம்ஸ்’, அதாவது கல்லறைகள், என்றே கூப்பிட்டார்கள். சட்டம் தெரியாமலே வக்கீல் என்று சொல்லிக்கொண்டு, அங்கே அடைபட்டவர்களிடம் பணம் கறந்த கூட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. மைக் வால்ஷ் என்ற பத்திரிகை ஆசிரியர் 1843-இல் அவர்களைப் பற்றிக் கடுமையாக எழுதினார். அப்போதுதான் இந்தச் சொல் அச்சேறியது. அவருக்கு அதைச் சொன்னது கொர்னேலியஸ் டெர்ஹ்யூன் என்ற வக்கீல். அவர் தொழில் தெரிந்தவர், அந்தக் கூட்டத்தை அப்படித்தான் திட்டுவாராம். மலத்தைக் குறிக்கும் ஜெர்மன் கொச்சைச் சொல்தான் வேர். ஜெரால்ட் கோஹன் என்ற மொழி ஆய்வாளர் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, இதையெல்லாம் 1982-இல் தனி நூலாகவே வெளியிட்டார்.

சரி, தமிழில்? ‘போலி வக்கீல்’ என்றால் சொல் பிறந்த இடத்துக்குப் பொருந்தும். இன்று பட்டம் வாங்கியவர்களையும் சேர்த்துத்தான் திட்டுகிறார்கள் என்பதால் ‘மோசடி வக்கீல்’ என்றே எழுதுங்கள். சிலர் ‘குட்டி வக்கீல்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அது வேண்டாம், சீனியரின் வழக்குக் கட்டைச் சுமந்துகொண்டு கோர்ட் கோர்ட்டாக ஓடும் ஜூனியர் பிள்ளைகளைத்தான் அந்தச் சொல் நினைவுபடுத்தும்.