கிரகட்டோவா ஒரு காலம் சாதுவாகவும் ஒரு காலம் பயங்கரமாகவும் வெடிப்பது ஏன்?

இந்தோனேசியாவின் கிரகட்டோவா எரிமலைத் தொகுதி சில காலம் சாதுவாகக் குழம்பைக் கக்குகிறது, சில காலம் தீவையே விழுங்குகிறது, ஒரே இடத்தில் ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். சுண்ணாம்புக்கல்லின் மேல் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு ஊரில் எரிமலைப் பாறை காணக் கிடையாது. ஆனாலும் இந்தப் பாடம் வந்தால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

மலை அதேதான், உள்ளே இருக்கும் பாறைக்குழம்புதான் மாறுகிறது. இந்தோ-அவுஸ்திரேலியத் தகடு சுமாத்திரா, ஜாவாவின் அடியில் அமிழ்கிறது. அதிலிருந்து கசியும் நீர் மேலேயுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்க, பசால்ட்டுக் குழம்பு உண்டாகிறது. இதில் சிலிக்கா ஏறக்குறைய 50 சதவீதம். இளகலானது, இலகுவில் வழியும். அது வழியில் எங்காவது தேங்கி ஆறும்போது ஒலிவின், பைரொக்சீன் போன்ற கனிமப் பளிங்குகள் முதலில் உறைந்து பிரிகின்றன. அவை இரும்பையும் மக்னீசியத்தையும் கொண்டுபோக, மிஞ்சும் திரவத்தில் சிலிக்கா கூடுகிறது. சிலிக்கா கூடக் கூடக் குழம்பு தடிக்கும். இப்படித்தான் முதலில் அன்டசைட்டு, பிறகு அதைவிடத் தடித்த டேசைட்டு உண்டாகின்றன. இந்தப் பளிங்குகள் நீரை ஏற்பதில்லை என்பதால் நீரும் திரவத்திலேயே சேர்ந்துவிடும். குழம்பு தடிக்கத் தடிக்க வாயுவும் பெருகுகிறது, ஆபத்தே அதுதான்.

பனங்கட்டி காய்ச்சுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கருப்பநீர் கொதிக்கத் தொடங்கும்போது நுரை பொங்கும், ஆவி சுகமாகப் போய்விடும். பாகு இறுகி வரும்போது குமிழ் மெல்ல எழும்பி, ஊதி, பொளக்கென்று வெடித்துக் கையில் தெறிக்கும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1883-க்கு முன் அந்தத் தீவில் மூன்று கூம்புகள் இருந்தன. ரகாத்தா பசால்ட்டால் எழுந்தது. டானன், பெர்புவாத்தான் இரண்டும் பெரும்பாலும் அன்டசைட்டு. 1883 மே 20-இல் பெர்புவாத்தான் வெடிக்கத் தொடங்கியது. ஓகஸ்ட் 27-இல் உச்சம். அன்று வெளியே வந்தது சிலிக்கா மிகுந்த டேசைட்டு வகை, நுரைக்கல்லாகக் கடலை மூடியது. 36,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர், பெரும்பாலும் ஆழிப்பேரலையால். அன்றே நம் காலித் துறைமுகத்திலும் கடல் உள்வாங்கியது. டானனும் பெர்புவாத்தானும் அடியோடு போயின. ரகாத்தா நடுவே பிளந்து பாதி நின்றது. 800 மீற்றருக்கு மேல் உயரமான அந்தச் செங்குத்து முகத்தில், பழைய எரிமலை வெடிப்புகள் விட்ட அடுக்குகளும் அவற்றைக் குறுக்கே வெட்டி ஏறி உறைந்த குழம்புச் சுவர்களும் வெளிப்படையாகத் தெரிகின்றன. ஒரு எரிமலையின் உட்புறத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் குறைவு. மாணவர்களுக்கு முதலில் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

1927 கடைசியில், 1883 வெடிப்பு விட்டுப்போன கடலடிக் குழிக்குள் அனக் கிரகட்டாவு (கிரகட்டோவாவின் பிள்ளை) என்ற புது எரிமலை வெடிக்கத் தொடங்கிப் பின்னர் தீவாக எழும்பியது. இதன் குழம்பு பெரும்பாலும் பசால்ட்டுக்கும் அன்டசைட்டுக்கும் இடைப்பட்டது. 1883-இன் குழம்பளவுக்கு முதிரவில்லை. அப்போ பயமில்லை என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2018 டிசம்பர் 22-இல் அதன் தென்மேற்குச் சரிவு கடலில் சரிந்தது. 338 மீற்றர் உயரம் ஏறக்குறைய 110 ஆகியது, அதனால் எழுந்த ஆழிப்பேரலையில் 400-க்கும் அதிகமானோர் இறந்தனர். யாழ்ப்பாணத்தின் வடமராட்சிக் கிழக்கை 2004-இல் அடித்த அலைக்கு முன் பெரிய நிலநடுக்கம் வந்தது. அனக் கிரகட்டாவு சரிந்தபோது அப்படி ஒன்றும் இல்லை. நிலநடுக்கத்தை நம்பி அமைத்த எச்சரிக்கை முறையால் கரையில் இருந்தவர்களுக்கு ஒரு தகவலும் கொடுக்க முடியவில்லை.