பால் பைத்தானுக்குக் கொடுத்த வம்சச் சான்று பொய் என்றால் பணம் திரும்புமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். 2024 அக்டோபரில் கோவையில் ஒரு பிரீடரிடம் ஒரு ஜோடி பால் பைத்தான் (ball python என்ற மலைப்பாம்பு வகை) பாம்புகளை 60,000 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டுமே ‘நூறு சதவீத ஹெட் ஆல்பினோ’ (பார்க்கச் சாதாரணமாக இருந்தாலும் ஆல்பினோ என்ற வெளிர்நிற மரபணுவை உள்ளே சுமப்பவை) என்று எழுதி, வரிசை எண் போட்டு, சீல் குத்திய வம்சச் சான்று கொடுத்தார். இரண்டு தடவை முட்டை வைத்து மொத்தம் 11 குஞ்சுகள் பொரித்தன. ஒன்றுகூட ஆல்பினோ இல்லை. கேட்டால், “அது உங்க ராசிங்க, நாம என்னங்க பண்றது” என்கிறார். அதே வரிசை எண்ணில் ஈரோட்டு நண்பர் ஒருவரிடமும் சான்று இருப்பது இப்போதுதான் தெரிந்தது. குஞ்சுகளை விற்றுப் போட்ட காசை எடுத்துவிடலாம் என்று இருந்தேன். வீட்டில் வளர்ப்பவர்களுக்குப் பரிவேஷ் (மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இணையதளம்) பதிவு வேண்டியதில்லை என்றும் அவர்தான் சொன்னார். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது பரிவேஷ் பற்றிய அந்த ஒரு வரிதான். அதைச் சரிசெய்யாமல் கோர்ட் வாசலுக்குப் போகாதீர்கள்.

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்கள் அதன்படி நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தான் சைட்டஸின் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. 49எம் பிரிவும் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளும் சொல்வது இதுதான்: கையில் வந்த 30 நாளுக்குள் பரிவேஷ் தளத்தில் பதிய வேண்டும், கைமாறினாலும் குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். வீட்டில் வளர்ப்பவர், கடை வைத்திருப்பவர் என்ற பேதமெல்லாம் கிடையாது. மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நீங்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய மறுநாளே எதிர்த்தரப்பு வனத்துறைக்கு ஒரு மனு தட்டிவிடலாம். அவரே தவறாகச் சொன்னார் என்பது தண்டனையைக் குறைக்கச் சொல்லும் வாதம்தான், உங்களை விடுவிக்காது.

அதனால் முதல் வேலை, தலைமை வன உயிரினக் காப்பாளருக்குப் பதிவு விண்ணப்பம். தாமதத்துக்கான காரணத்தை மறைக்காமல் எழுதி, ஜோடியையும் குஞ்சுகளையும் சேர்த்தே காட்டுங்கள். குஞ்சுகளில் ஒன்றைக்கூட இப்போது விற்க வேண்டாம். ஏற்கெனவே விற்றிருந்தால், விண்ணப்பத்தில் கை வைக்கும் முன் நேரில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இனி அந்தச் சான்று. அதற்கு அரசு மதிப்பு எதுவும் இல்லை. பாம்புக்கு வம்சப் பதிவேடு வைத்திருக்கும் அரசு அலுவலகம் நம் நாட்டில் இல்லை. பரிவேஷ் பதிவும் மரபணுவுக்கு உத்தரவாதம் தருவதில்லை. சீல், ஹோலோகிராம் எல்லாம் அச்சகத்துக்காரர் கைவண்ணம். ஆனால் அதனாலேயே அது வெறும் காகிதம் ஆகிவிடாது. விற்பவர் எழுதிக் கொடுத்த வாக்கு அது, அவரைக் கட்டும்.

அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். ஹெட் பாம்பில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஆல்பினோ மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நிறத்தில் தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பாம்பு சாதாரணப் பாம்பு போலவே இருக்கும். நீங்கள் கூடுதலாகக் கொடுத்த பணம் முழுக்க அந்த எழுத்துக்குத்தான். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 15-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது: விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும். பிராணிகளும் அந்தச் சட்டத்தில் சரக்குதான்.

அவர் சொல்லும் ‘ராசி’யைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டும் உண்மையான ஹெட் என்றால் ஒவ்வொரு குஞ்சும் ஆல்பினோவாக வர நாலில் ஒரு வாய்ப்பு. 11 குஞ்சில் ஒன்றுகூட வராமல் போக நூற்றில் நான்கு வாய்ப்புதான். உரிமையியல் வழக்கில் எது அதிக சாத்தியம் என்றுதான் நீதிபதி பார்ப்பார், ஆகவே இது நல்ல வாதம். ஆனாலும் இதை மட்டும் நம்பி நான் வழக்குப் போட மாட்டேன். உரித்த சட்டையிலிருந்து மரபணுச் சோதனை செய்யும் ஆய்வகங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன. நீங்களே தபாலில் அனுப்பிவிடாதீர்கள். சைட்டஸ் உயிரினத்தின் தோலை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு அனுமதி வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தவிர, நீங்களாக எடுத்த மாதிரியை எதிர்த்தரப்பு ஏற்காது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், உத்தரவு 26, விதி 10ஏ-யின்படி ஆணையர் மூலம் அறிவியல் சோதனை கேட்பதுதான் முறை.

என் கண்ணுக்கு உங்கள் பெரிய பலம் அந்த ஈரோட்டுச் சான்றுதான். குஞ்சு ஆல்பினோவாக வராததற்கு ஆயிரம் சமாதானம் சொல்லலாம். ஒரே எண் இரண்டு ஜோடிக்கு எப்படிப் போனது என்பதற்கு என்ன சொல்வார்? தவறான தகவல் என்ற நிலையிலிருந்து தெரிந்தே ஏமாற்றியது என்ற நிலைக்கு வழக்கு அங்கேதான் நகர்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் மோசடிப் புகாருக்கும் அது இடம் தரும். நண்பரும் தன் பாம்புகளைப் பதிந்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டுச் சாட்சிக்குக் கூப்பிடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் உங்கள் ஊரிலேயே மனு போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் குஞ்சு விற்கும் எண்ணத்தோடு வாங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வணிக நோக்கத்தில் வாங்கியவர் நுகர்வோர் இல்லை. பிழைப்புக்கான சுயதொழில் என்ற விதிவிலக்கும் சம்பள வேலையில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தாது. இரண்டாண்டு காலவரம்பு வேறு. அதனால் உரிமையியல் நீதிமன்றமே சரி. அங்கே மூன்றாண்டு இருக்கிறது, மோசடியாக மறைத்திருந்தால் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு.

எவ்வளவு கிடைக்கும்? ஏற்றுக்கொண்டு, வளர்த்து, இனப்பெருக்கமும் செய்துவிட்டீர்கள். பாம்பைத் திருப்பிக் கொடுத்து முழுத்தொகை கேட்பது கடினம். ஹெட்டுக்கும் சாதாரணப் பாம்புக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நஷ்டஈடாகக் கேளுங்கள். வராத ஆல்பினோ குஞ்சுகளின் லாபத்தைக் கேட்டால், பதியாத குஞ்சுகளை விற்று வரும் லாபமா என்று நீதிபதி திருப்பிக் கேட்பார்.

வாட்ஸப் உரையாடலை அழிக்காமல் அந்த போனையே பத்திரமாக வையுங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023-ன் 63-வது பிரிவுச் சான்றிதழோடு அது தாக்கலாக வேண்டும். இன்னொன்று, ‘பணம் தராவிட்டால் போலீஸுக்குப் போவேன்’ என்று அவருக்கு மெசேஜ் எதுவும் போடாதீர்கள். மிரட்டிப் பணம் கேட்டார் என்று உங்கள் மேலேயே புகார் திரும்பும். பதிவு விண்ணப்பத்தின் ரசீது கைக்கு வந்ததும் நோட்டீஸ் அனுப்பலாம்.