ஸ்னாப்ஷாட்டை நம்பி எட்டு மாதம்: விர்ச்சுவல் சர்வர் கேள்வி-பதில்

வந்த கேள்விகளில் பாதி "விஎம் (சர்வருக்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷின்) ஸ்லோ, என்ன செய்ய?" என்ற ஒற்றை வரிதான். எந்த ஹைப்பர்வைசர் (விஎம்களை ஓட்டும் மென்பொருள்), எந்தப் பதிப்பு, என்ன ஸ்டோரேஜ் என்று எழுதாமல் கேட்டால் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. விவரத்தோடு எழுதியவர்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

விஎம்வேரின் ஹைப்பர்வைசர் இஎஸ்எக்ஸ்ஐ 7. டேட்டாபேஸ் விஎம் மெதுவாக இருந்ததால் 4 விசிபியுவை (விஎம்முக்குக் கொடுக்கும் விர்ச்சுவல் சிபியு) 16 ஆக்கினோம். இன்னும் மோசமாகிவிட்டது. ஹோஸ்ட்டில் (விஎம்கள் ஓடும் நிஜ மெஷின்) 10 கோர் சாக்கெட் இரண்டு.

ஆகத்தான் செய்யும். 16 விசிபியுவில் சில பின்தங்கினால், முன்னால் ஓடியவற்றை ஹைப்பர்வைசர் நிறுத்திவைக்கும். அதோடு ஒரு சாக்கெட்டில் இருப்பது 10 கோர். மெமரிக்கு அடுத்த சாக்கெட் வரை போய்வர வேண்டியிருக்கும். ரியல்-டைம் சார்ட்டில் சிபியு ரெடியை, அதாவது விசிபியு நிஜ கோருக்காகக் காத்திருந்த நேரத்தைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு அளவும் 20 செகண்டுக்கானது, அதனால் ஒரு விசிபியுவுக்கு 1,000 மில்லிசெகண்ட் என்றால் 5%. அதற்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும். மறுபடி 4-க்கு இறக்கிவிட்டு டிஸ்க் லேட்டன்சியை (டிஸ்க் பதில் தர எடுக்கும் நேரம்) பாருங்கள். அது 20 மில்லிசெகண்டுக்கு மேலேயே நின்றால் கோளாறு ஸ்டோரேஜில்.

ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரில் "விஎம் லாக்டு (பேக்கப்)" என்று வந்து ஸ்டார்ட் ஆக மறுக்கிறது.

பேக்கப் உண்மையிலேயே ஓடவில்லை என்று டாஸ்க் லாகில் உறுதி செய்துவிட்டு, 'க்யூஎம் அன்லாக்' கமாண்டை விஎம் எண்ணோடு கொடுங்கள்.

எட்டு மாதம் முன்பு அப்டேட்டுக்காக எடுத்த ஸ்னாப்ஷாட்தான் எங்கள் பேக்கப். நேற்று டேட்டாஸ்டோர் (விஎம் ஃபைல்கள் இருக்கும் ஸ்டோரேஜ்) நிரம்பி 6 விஎம் நின்றுவிட்டன. பழைய டெல்டா ஃபைல்களை அழித்து இடம் எடுக்கலாமா?

தொடாதீர்கள். டெல்டாவில் இருப்பது பழைய பிரதி அல்ல. ஸ்னாப்ஷாட் எடுத்த நிமிடத்தோடு மூல டிஸ்க் உறைந்துவிடுகிறது. அதன் பிறகு எழுதிய ஒவ்வொன்றும் டெல்டாவுக்குத்தான் போகிறது. உங்கள் எட்டு மாத வேலை முழுக்க அங்கே இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் இதையே செய்தார்கள். நான்கு மாத பில்களைக் காகிதத்தைப் பார்த்து மறுபடி அடித்தார்கள்.

முதலில் இடம் உண்டாக்குங்கள். அவசரமில்லாத ஒரு விஎம்மை ஷட்டவுன் செய்தால் அதன் ஸ்வாப் ஃபைல் போய்விடும். ரிசர்வேஷன் (மெமரியை முன்கூட்டியே ஒதுக்குவது) வைக்காத 32 ஜிபி மெமரி விஎம் என்றால் 32 ஜிபி திரும்பக் கிடைக்கும். வேறு டேட்டாஸ்டோர் இருந்தால் ஒன்றிரண்டு விஎம்களை அங்கே நகர்த்துங்கள். அப்புறம் பேக்கப் எடுங்கள். அதன் பிறகே ஸ்னாப்ஷாட்டை 'டெலீட்' செய்யுங்கள். டெலீட் என்றால் டெல்டா மூலத்தோடு சேரும், இன்றைய நிலை அப்படியே இருக்கும். 'ரிவர்ட்' கொடுத்தால்தான் எட்டு மாதமும் போகும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டெலீட் ஓடும்போது 99%-ல் மணிக்கணக்கில் நிற்கும். ஹோஸ்ட்டை ரீபூட் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், மறுபடியும் எழுதுகிறேன்: ஸ்னாப்ஷாட் பேக்கப் அல்ல. மூல டிஸ்க் போனால் டெல்டாவை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. எடுத்த அன்றே அழிக்கும் தேதியைக் காலண்டரில் போடுங்கள்.

இரண்டு நோடு (சர்வர்) சேர்ந்த ப்ராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர். ஒன்று செத்துவிட்டது. மற்றதில் எந்த விஎம்மும் ஸ்டார்ட் ஆகவில்லை.

குவோரம், அதாவது கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை ஓட்டு, இல்லை. இரண்டில் ஒரு ஓட்டு பெரும்பான்மை ஆகாது. 'பிவிஇசிஎம் எக்ஸ்பெக்டட் 1' கமாண்டைக் கொடுத்தால், ஒரே ஓட்டு போதும் என்று எடுத்துக்கொண்டு ஓடும். ஆனால் செத்த நோடு நிஜமாகவே அணைந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒரே ஷேர்டு டிஸ்க்கில் இரண்டு பக்கமும் எழுதினால் டேட்டா நாசம். நிரந்தரத் தீர்வு, ஒரு சின்ன மெஷினில் க்யூடிவைஸ் (ஓட்டுப் போட மட்டும் ஓடும் சேவை) வைத்து மூன்றாவது ஓட்டைக் கொடுப்பது.

கேவிஎம்மில் (லினக்ஸின் ஹைப்பர்வைசர்) விண்டோஸ் சர்வர் இன்ஸ்டால் செய்யும்போது டிஸ்க்கே தெரியவில்லை.

விர்ட்ஐஓ என்ற விர்ச்சுவல் டிஸ்க்குக்கான டிரைவர் விண்டோஸில் இல்லை. அந்த டிரைவர் ஐஎஸ்ஓவை இரண்டாவது சிடியாக மாட்டி 'லோட் டிரைவர்' கொடுங்கள்.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் டொமைன் கன்ட்ரோலரின் (விண்டோஸ் நெட்வொர்க்கில் லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்) கடிகாரம் தப்பாக ஓடுகிறது.

ஹோஸ்ட்டும் அதே டொமைனில் இருக்கிறதா? அப்படியானால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து நேரம் வைத்துக்கொள்கிறார்கள். அந்த விஎம்முக்கு டைம் சின்க்கரனைசேஷனை நிறுத்திவிட்டு, பிடிசி எமுலேட்டரை (டொமைனுக்கே நேரம் சொல்லும் டொமைன் கன்ட்ரோலர்) வெளி என்டிபி சர்வரோடு (இணையத்தில் சரியான நேரம் தரும் சர்வர்) இணையுங்கள்.

விஎம் ஆன் ஆகவில்லை. உடனே உதவவும்.

திரையில் என்ன பிழை வந்தது, எந்தப் பதிப்பு, கடைசியாக என்ன மாற்றினீர்கள்? மூன்றையும் எழுதி அனுப்புங்கள், கட்டாயம் பார்க்கிறேன். அதுவரை எதையும் அழிக்காதீர்கள். டிஸ்க் ஃபைலை வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள்.