பூட்டை இழுத்துப் பார்க்கிறதும் வால்யூமை மாத்துறதும் ஒண்ணா? - ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

டிவி வால்யூம் 17ல நின்னா மனசு கேக்காம 18க்கு மாத்துவேன்னு போன கட்டுரைல எழுதியிருந்தீங்க, படிச்சதும் அப்பாடா நம்மள மாதிரி இன்னொரு ஆளும் இருக்காங்கன்னு தோணுச்சு. எனக்கும் இந்த மாதிரி நிறைய இருக்கு. மாடிப்படி ஏறினா எண்ணிக்கிட்டே தான் ஏறுவேன், முன்னாடி போற வண்டி நம்பரைக் கூட்டிப் பார்ப்பேன், டைல்ஸ் கோட்டை மிதிக்க மாட்டேன், டென்ஷன்ல நகம் கடிப்பேன். வீட்ல சிரிப்பாங்க, நானும் சேர்ந்து சிரிச்சிடுவேன்.

ஆனா பூட்டு விஷயம் அப்படி இல்ல. முதல்ல ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன், அப்புறம் மூணு தடவை ஆச்சு, இப்ப தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வர்றேன். இதுக்கு ஒரு முடிவு கட்டலாம்னு பூட்டை போன்ல போட்டோ எடுக்க ஆரம்பிச்சேன். கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு. இப்ப இந்த போட்டோ இன்னைக்கு எடுத்ததா நேத்து எடுத்ததான்னு சந்தேகம் வருது, டைம் பார்த்து இன்னைக்கு தான்னு தெரிஞ்சாலும், எடுத்ததுக்கு அப்புறம் மறுபடி திறந்திருப்பேனோன்னு வேற தோணுது. வீட்டுக்காரரோட சேர்ந்து கிளம்புற நாள்ல அவர்கிட்ட நான் பூட்டினேன்லன்னு கேட்பேன், பூட்டினம்மான்னு சொல்வார், ஆபீஸ் போய் மறுபடி போன் பண்ணிக் கேட்பேன். காலைல இதுக்கே நேரம் போயிடுது.

இன்னொண்ணு, யார்கிட்டயும் சொன்னதில்ல. தங்கச்சி குழந்தையைத் தூக்கிக்கிட்டு பால்கனில நின்னப்ப, கீழ போட்டுட்டா என்ன ஆகும்னு ஒரு நினைப்பு வந்துச்சு. கை கால் எல்லாம் நடுங்கிடுச்சு. அன்னைல இருந்து குழந்தையைத் தூக்குறதையே விட்டுட்டேன். நான் கெட்டவளா அக்கா? இதெல்லாம் பழக்கமா, நோயா? டாக்டரைப் பார்க்கணுமா? பேர் போட்டுடாதீங்க.

- ஒரு வாசகி

அன்புள்ள தோழிக்கு,

கடைசில தயங்கித் தயங்கி எழுதின அந்தக் குழந்தை விஷயத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா மத்த எல்லாத்தையும் விட உங்களை உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருக்கிறது அதுதான்னு படிக்கும்போதே தெரியுது. நீங்க கெட்டவ இல்ல. இதை ஆறுதலுக்காக சொல்லல. 1978ல ஸ்டான்லி ராக்மன், பத்மல் டி சில்வான்னு ரெண்டு உளவியலாளர்கள், எந்த மனநோயும் இல்லாத சாதாரண ஆட்கள்கிட்ட போய், உங்களுக்கு வேண்டாத நினைப்பு திடீர்னு வருமான்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் வரும்னு சொன்னாங்க. யாரையாவது தள்ளி விட்டுட்டா, கத்தியை எடுத்துக் குத்திட்டா, அசிங்கமா ஏதாவது கத்திட்டா, இந்த மாதிரி. அதுக்கப்புறம் அவங்க பண்ணது தான் முக்கியம். சாதாரண ஆட்களோட நினைப்பையும் நோய்க்காக சிகிச்சை எடுக்கிறவங்களோட நினைப்பையும் கலந்து எழுதி, எது யாரோடதுன்னு நிபுணர்கள்கிட்டயே கேட்டாங்க, அவங்களாலயே சரியா பிரிச்சு சொல்ல முடியல. நினைப்பு ஒண்ணுதான், அது எவ்வளவு அடிக்கடி வருது, வந்தா எவ்வளவு பதறுறோம், போகாம எவ்வளவு நேரம் நிக்குது, அதுல தான் வித்தியாசம். 2014ல ஆறு கண்டத்துல 13 நாட்டு காலேஜ் பசங்க 777 பேர்கிட்ட இதே மாதிரி கேட்டு ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 90 சதவீதத்துக்கும் மேல, கடந்த மூணு மாசத்துக்குள்ள ஒரு தடவையாவது வந்துச்சுன்னாங்க. அப்ப பஸ்ல உங்க பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க, ஆபீஸ்ல எதிர் சீட்ல இருக்கிறவங்க, ஏன் உங்க தங்கச்சிக்கே கூட வந்திருக்கும், யாரும் வெளில சொல்றதில்ல, அவ்வளவுதான்.

இதுல கொடுமை என்னன்னா யாருக்குக் குழந்தை மேல அக்கறை ஜாஸ்தியோ அவங்களைத்தான் இந்த நினைப்பு போட்டுப் படுத்தும். உங்களுக்குக் கை கால் நடுங்குச்சுன்னு எழுதினீங்களே, அந்த நினைப்பு உங்க ஆசை இல்லங்கிறதுக்கு அதைவிட வேற என்ன வேணும். ஆனா அதுக்கப்புறம் குழந்தையைத் தூக்கவே மாட்டேன்னு முடிவு பண்ணீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. விலக விலக, அப்ப நிஜமாவே ஆபத்து இருந்துச்சு, நான் விலகினதால தான் ஒண்ணும் ஆகலன்னு மனசு கணக்கு போட்டுக்கும். நினைக்கக் கூடாதுன்னு அடக்கிப் பார்த்தாலும் இதே கதைதான். 1987ல டேனியல் வெக்னர்னு ஒருத்தர், அடுத்த அஞ்சு நிமிஷத்துக்கு வெள்ளைக் கரடியை நினைக்காதீங்க, நினைச்சா மணி அடிங்கன்னு சிலரை உக்கார வச்சார், மணி அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, அப்புறம் இப்ப நினைச்சுக்கலாம்னு சொன்னதும், முதல்லயே நினைக்கச் சொன்ன ஆட்களை விட இவங்களுக்குத்தான் கரடி அதிகமா வந்துச்சு. ஒரு கரடிக்கே இந்தப் பாடுன்னா குழந்தை விஷயத்துல கேக்கவே வேணாம்.

படி எண்ணுறது, வண்டி நம்பர் கூட்டுறது, டைல்ஸ் கோடு, என்னோட வால்யூம், இதெல்லாம் பத்தி எனக்குக் கொஞ்சமும் கவலை இல்ல. இன்னும் சொல்லப்போனா எனக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும், மனுஷங்களை நெருக்கமாக்குற விஷயம் இது. ஒருத்தர் அலாரத்தை 6:00க்கு வைக்காம 6:03க்கு தான் வைப்பேன்னு சொல்லும்போது அவர் மேல ஒரு பிரியம் வந்துடுது. அனுப்பின மெயிலை, இனி மாத்த முடியாதுன்னு தெரிஞ்சும் சென்ட் ஐட்டம்ஸ்ல போய் மறுபடி படிக்கிறவங்க, லிஃப்ட் பட்டன்ல லைட் எரிஞ்சாலும் இன்னொரு தடவை அமுக்குறவங்க, சார்ஜர் ஒயரை ஒரே மாதிரி சுத்தி வச்சா தான் தூக்கம் வரும்ங்கிறவங்க, இப்படி எத்தனை பேர். சின்னக் குழந்தைங்க ரெண்டு மூணு வயசுல, தலையணை இப்படித்தான் இருக்கணும், கதையை இதே வரிசைல தான் சொல்லணும்னு அடம் பிடிக்குமே, எல்லாரும் அந்த வழியாத்தான் வர்றோம், சிலருக்கு அதுல ஒரு துண்டு ஒட்டிக்கிட்டே வந்துடுது. அடுத்தது என்ன நடக்கும்னு தெரியாத இடத்துல, இதுவாவது என் கைல இருக்கட்டுமேன்னு மனசு ஒண்ணைப் பிடிச்சு வச்சுக்குது. இதை யாரும் திருத்த வேண்டியதில்ல.

நகம் கடிக்கிறது வேற கணக்கு. அதுல பயம் இல்ல, கை தானா போகுது. நெக்ஸ்ட் டைம் கை வாய்க்குப் போறது தெரிஞ்ச உடனே முஷ்டியை இறுக்கி மூடி ஒண்ணு ரெண்டு நிமிஷம் அப்படியே வச்சிருங்க. அஸ்ரின், நன் அப்படிங்கிற ரெண்டு உளவியலாளர்கள் 1973ல எழுதின முறை இது, இன்னைக்கு வரைக்கும் முடி பிடுங்குறவங்களுக்கும் தோலைப் பிச்சுக்கிறவங்களுக்கும் இதைத்தான் அடிப்படையா வச்சு சொல்லித் தர்றாங்க.

இப்ப பூட்டு. இதுதான் நான் உங்ககிட்ட உக்காந்து பேசணும்னு நினைக்கிற விஷயம்.

உங்களுக்கு மறதி இல்ல. இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க, ஏன்னா செக் பண்ற எல்லாரும் எனக்கு ஞாபக சக்தி போச்சு, அதனால தான் செக் பண்றேன்னு நம்புறாங்க, நடக்கிறது பெரும்பாலும் அதுக்கு நேர் எதிர். நெதர்லாந்துல மார்சல் வான் டென் ஹவுட், மெரல் கிண்ட் ரெண்டு பேரும் 2003ல ஒரு சோதனை வெளியிட்டாங்க. கம்ப்யூட்டர் திரைல ஒரு கேஸ் அடுப்பு, பர்னரைத் திருகி எரிய விடணும், அணைக்கணும், அணைஞ்சிருக்கான்னு செக் பண்ணணும். ஒரு குரூப் இதையே திரும்பத் திரும்பப் பண்ணாங்க, இன்னொரு குரூப்புக்கு நடுவுல அடுப்புக்குப் பதிலா லைட் பல்பை செக் பண்ற வேலை, கடைசில மட்டும் ரெண்டு குரூப்புக்கும் அடுப்பு. அப்புறம் கடைசி தடவை எந்தெந்த பர்னரைப் பார்த்தீங்கன்னு கேட்டா ரெண்டு குரூப்பும் ஒரே அளவுக்கு சரியாத்தான் சொன்னாங்க. ஆனா எவ்வளவு தெளிவா ஞாபகம் இருக்கு, சொன்னதுல எவ்வளவு நம்பிக்கைன்னு கேட்டப்ப அடுப்பையே செக் பண்ணிக்கிட்டு இருந்த குரூப் விழுந்துடுச்சு. மங்கலா இருக்கு, உறுதியா சொல்ல முடியலன்னாங்க. எந்த நோயும் இல்லாத மாணவர்கள் இவங்க, கொஞ்ச நேரம் செக் பண்ண வச்சதுக்கே இந்த நிலைமை. 2006ல நிஜ அடுப்பை வச்சு செஞ்சு பார்த்தப்பவும் நம்பிக்கை இதே மாதிரி தான் இறங்குச்சு.

ஏன் அப்படி ஆகுதுன்னா, முதல் தடவை பூட்டும்போது சாவியோட சில்லிப்பு, திருகும்போது கடக்னு ஒரு சத்தம், பூட்டு கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சு தொங்குறது எல்லாம் மனசுல பதியும். பத்தாவது தடவை மனசு அதையெல்லாம் பார்க்கிறதே இல்ல, "பூட்டு, செக் பண்ணியாச்சு"ன்னு ஒரு தகவலா சுருக்கி வச்சுக்கும். அப்புறம் தெருமுனைல நின்னு யோசிச்சா காட்சி வராது, தகவல் மட்டும் தான் வரும், காட்சி வராததால அப்ப நான் பூட்டலையோன்னு பயம் வரும், பயம் வந்ததும் திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுப்பீங்க, அந்தத் தடவையும் சேர்ந்து ஞாபகத்தை இன்னும் மங்கலாக்கும். உப்புத் தண்ணியைக் குடிச்சுத் தாகத்தைத் தீர்க்கப் பார்க்கிற மாதிரி தான் இது. போட்டோவும் இப்படித்தான் தோத்துப் போச்சு. அது எதையும் நிரூபிக்கலன்னு இல்ல, டைமோட தெளிவா நிரூபிச்சது, ஆனா உங்க சந்தேகம் ஆதாரம் இல்லாததால வந்தது இல்லையே, ஆதாரம் குடுத்தா போறதுக்கு. அந்த போட்டோ எல்லாத்தையும் அழிச்சிடுங்க, புதுசா எடுக்கவும் வேணாம்.

அதுக்குப் பதிலா ஒரே ஒரு தடவை, நிதானமா பூட்டுங்க. ஜப்பான்ல ரயில் ஓட்டுறவங்க சிக்னலைக் கையால சுட்டிக் காட்டி அது என்ன நிறம்னு வாயால சொல்லுவாங்க, வேகமா அனிச்சையா செய்யுற வேலைல தப்பு வராம இருக்க அங்க அது ரொம்ப காலமா இருக்கிற முறை. அதே மாதிரி போன்ல பேசிக்கிட்டே பூட்டாம, சாவியைத் திருகும்போது "பூட்டிட்டேன்"னு வாய்விட்டு சொல்லிட்டு நடங்க. ஆனா ஒரு தடவை தான். இதையே மூணு தடவை சொன்னாத்தான் கிளம்புவேன்னு ஆச்சுன்னா அதையும் விட்டுடணும், பழைய வழக்கம் புது சட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்குதுன்னு அர்த்தம்.

பழக்கமா நோயான்னு கேட்டீங்க. டாக்டர்கள் ஓசிடின்னு சொல்ற எண்ணச் சுழற்சி நோய்க்கு அமெரிக்க மனநல சங்கம் 2013ல வெளியிட்ட கையேட்டுல உள்ள அளவுகோல், அந்த நினைப்பும் செய்கையும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல சாப்பிடுதா, இல்லன்னா பெரிய மன வேதனையைக் குடுக்குதா, வேலையை, உறவை, தினசரி வாழ்க்கையைக் கெடுக்குதா அப்படிங்கிறது. எவ்வளவு விசித்திரம்ங்கிறது கணக்கே இல்ல. என்னோட வால்யூம் 17லயே நிக்கட்டும்னு யாராவது ரிமோட்டைப் பிடுங்கிட்டா நான் ரெண்டு நிமிஷம் முணுமுணுத்துட்டு படத்தைப் பார்க்கப் போயிடுவேன். நீங்க பூட்டை இழுக்காம கிளம்பினா உங்க நாள் முழுக்கப் போயிடும். அதனால எல்லாருக்கும் இருக்கிறது தான் விடுன்னு நான் உங்ககிட்ட சொல்ல மாட்டேன், அப்படி சொல்றவங்க நல்ல மனசோட தான் சொல்றாங்க, ஆனா அந்தப் பேச்சை நம்பி வருஷக்கணக்கா தனியா கஷ்டப்படுறவங்க இருக்காங்க, எனக்கு அது பொறுக்கல. நூத்துல ரெண்டு மூணு பேருக்கு வாழ்க்கைல ஏதோ ஒரு கட்டத்துல இந்த நோய் வருது. உங்களுக்கு அதுதான்னு முடிவு சொல்ற தகுதி எனக்கு இல்ல, ஆனா நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா ஒரு மனநல மருத்துவரை அவசியம் பார்க்கணும்.

வீட்டுக்காரர்கிட்ட இந்தக் கடிதத்தைக் காட்டுங்க. அவர் பாவம், உங்க தவிப்பைத் தாங்காம தான் பூட்டினம்மா பூட்டினம்மான்னு சொல்றார், ஆனா அவர் குடுக்கிற அந்த உறுதியும் இன்னொரு தடவை பூட்டை இழுக்கிறதுக்கு சமம் தான். ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வச்சுக்கோங்க, நீங்க கேட்டா அவர் திட்டக் கூடாது, எரிஞ்சு விழக் கூடாது, "இது அந்த சந்தேகம் பேசுது, நான் பதில் சொல்ல மாட்டேன், ஆனா லைன்லயே இருக்கேன்"னு சொல்லணும். முதல் சில நாள் ரெண்டு பேருக்குமே கஷ்டமா இருக்கும்.

சிகிச்சைல என்ன பண்ணுவாங்கன்னு தெரிஞ்சா பயம் பாதி குறையும். லண்டன்ல விக்டர் மேயர்னு ஒரு உளவியலாளர் 1966ல எழுதின வழி இன்னைக்கும் முதல் வரிசைல இருக்கு. பயத்தைத் தூண்டுற இடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டுப் போவாங்க, அங்க வழக்கமா பண்றதைப் பண்ணாம இருக்கச் சொல்லுவாங்க. ஒரு தடவை பூட்டிட்டு, இழுத்துப் பார்க்காம நடக்கணும். நெஞ்சு படபடன்னு அடிக்கும், திரும்பிப் போன்னு கால் இழுக்கும், நீங்க அந்தப் படபடப்போடயே நடக்கணும், அது ஏறி உச்சிக்குப் போய் தானா இறங்கும். எப்பவுமே உடனே இறங்கும்னு இல்ல, ஆனா இழுக்காமலே தாங்க முடியுதுன்னு உடம்பு கத்துக்கும். குழந்தை விஷயத்துக்கும் இதே வழிதான், முதல்ல பக்கத்துல தங்கச்சி இருக்கும்போது மடில வச்சுக்கிறதுல ஆரம்பிச்சு, கடைசில எங்க நின்னு பயந்தீங்களோ அங்க வரைக்கும். இதைத் தனியா முரட்டுத்தனமா முயற்சி பண்ணாதீங்க, இந்த சிகிச்சை தெரிஞ்சவங்க கூட இருந்து படிப்படியா பண்ணணும். டாக்டர்கிட்ட பூட்டை மட்டும் சொல்லிட்டு குழந்தை விஷயத்தை மறைச்சுடாதீங்க, அவங்க அந்த மாதிரி நினைப்பை எத்தனையோ பேர்கிட்ட கேட்டவங்க, திடுக்கிட மாட்டாங்க.

மருந்து தேவைப்பட்டாலும் தயங்க வேணாம். இதுக்கு முதல்ல குடுக்கிறது பெரும்பாலும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், மன அழுத்தத்துக்கும் அதே வகைதான். ஆனா ஓசிடிக்கு அது வேலை செய்யுதா இல்லையான்னு தெரியவே 8ல இருந்து 12 வாரம் ஆகலாம், அதனால ரெண்டே வாரத்துல ஒண்ணும் தெரியலன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. நல்லா ஆனதும் நீங்களா நிறுத்தவும் வேணாம், குறைக்கிறதா இருந்தாலும் டாக்டர் சொல்ற அளவுல தான் குறைக்கணும்.

அன்புடன்,
அக்கா