பழைய மைக்கில் உறுமலும் படபடப்பும்

கேள்வி: சித்தப்பா கொடுத்த பழைய கண்டன்சர் மைக்கில்தான் வீட்டில் நாதஸ்வரம் பதிவு செய்கிறேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல், நடுவில் கடுகு வெடிப்பது போல் படபடப்பு. மைக் போய்விட்டதா?
– ஒரு வாசகர், திருவையாறு

பதில்: அவசரப்பட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறாக இருக்கலாம்.

படபடப்புக்கு முதல் சந்தேகம் ஈரம்தான். கண்டன்சர் மைக்கின் கேப்சூலில் (ஒலியை வாங்கும் தலைப்பகுதியில்) நிற்கும் மின்னூட்டம் கசியாமல் இருந்தால்தான் ஒலி சுத்தமாக வரும், நம் டெல்டாவின் மழைக்காலக் காற்றில் அதன் மேல் லேசாக ஈரம் படிந்தாலே கசிவு வந்து வெடிக்க ஆரம்பித்துவிடும். 48 வோல்ட் பேன்டம் பவரை (கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரத்தை) அணைத்து, ஒரு நிமிடம் விட்டுக் கேபிளைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு நாள் வையுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், தூசி உள்ளே போகும். கேப்சூலைத் துணியால் துடைக்கவே கூடாது, அதிலுள்ள சவ்வு சில மைக்ரான் தடிமன்தான்.

சரி, உறுமல். அது பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள், நின்றுவிட்டால் எர்த்திங்கில் கோளாறு இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நிற்காவிட்டால் வேறு கேபிள் மாட்டுங்கள். மைக்கைக் கையால் தொடும்போது உறுமல் மாறினால், எக்ஸ்எல்ஆர் பிளக்கின் (மைக் கேபிளின் மூன்று பின் பிளக்) 1ஆம் பின்னில் ஷீல்டு வயரின் (இரைச்சலைத் தடுக்கும் வெளிச்சுற்று வயர்) சால்டரிங் விட்டிருக்கலாம்.

வால்வு மைக் (உள்ளே கண்ணாடிக் குழாய் வால்வு உள்ளது) என்றால் மட்டும் நீங்களே திறக்காதீர்கள், உள்ளே ஆபத்தான வோல்ட்டேஜ் இருக்கும்.