"இன்னும் தேய்ச்சா தம்பி மாதிரி ஆயிடுமாம்மா?"

வணக்கம் மேடம்.

என் மகளுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். மகனுக்கு இரண்டரை. மகள் அவள் அப்பாவைப் போல நல்ல கறுப்பு. மகன் என் நிறம். வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் பேச்சே இதுதான்: "நிறத்தைத் தம்பி வாங்கிட்டானே, மாத்திப் பொறந்திருக்கக் கூடாதா?" என் மாமியார் பாசமானவர். பேத்திக்கு ஊட்டாமல் தான் சாப்பிட மாட்டார். ஆனால் அவளைக் கூப்பிடுவது "ஏய் கறுப்பி" என்றுதான்.

போன வாரம் குளியலறையில் பீர்க்கங்காய் நாரால் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தோல் கன்றிப் போயிருந்தது. "இன்னும் தேய்ச்சா தம்பி மாதிரி ஆயிடுமாம்மா?" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை. இத்தனைக்கும் நான் கடலைமாவு, பயத்தமாவு என்று பார்த்துப் பார்த்துத்தான் குளிப்பாட்டுகிறேன், வெயிலில் விளையாட விடுவதில்லை. நான் என்ன செய்யட்டும்? அத்தையிடம் எப்படிச் சொல்வது?

- ஒரு தாய், மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. இன்றே சொல்லிவிடுங்கள். "ஆகாதுடா கண்ணு. அழுக்குதான் தேய்ச்சா போகும். இது அழுக்கு இல்ல, உன் தோல். அப்பாகிட்ட இருந்து உனக்கு வந்தது." தோலுக்குள் மெலனின் என்ற நிறமி இருக்கிறது, அது வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் குடை மாதிரி என்றும் சொல்லலாம். ஐந்து வயதுக்குக் குடை நன்றாகவே புரியும்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் "இத்தனைக்கும்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மாவு தேய்ப்பதில் தவறில்லை. ஆனால் தம்பிக்கு இல்லாத தேய்ப்பு தனக்கு மட்டும் ஏன் என்று அவள் யோசித்திருப்பாள். "வெயில்ல போகாதே, கறுத்துடுவே" என்பதையும் கேட்டிருப்பாள். தன்மேல் ஏதோ போக்க வேண்டியது இருக்கிறது என்று முடிவு செய்து, நாரைத் தானே எடுத்திருக்கிறாள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. உங்களையும் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள்.

1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, 3 முதல் 7 வயதுக் கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் கொடுத்தார்கள். எது நல்ல பொம்மை என்றதும் பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். உன்னை மாதிரி இருப்பது எது என்று கேட்டபோது சில குழந்தைகள் அழுதேவிட்டார்கள். மூன்று வயதிலேயே இவ்வளவு தெரிகிறது என்றால், உங்கள் மகனையும் நினைத்துப் பாருங்கள். தன்னிடம் உள்ள ஒரே சிறப்பு நிறம்தான் என்று அவனும் கற்றுக்கொண்டிருக்கிறான்.

அத்தையிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். சிறு வயதில் அவரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று முதலில் அவரிடம் கேளுங்கள். அநேகமாக அவரிடமும் ஒரு கதை இருக்கும். பிறகு அவர் தன் அம்மாவிடம், "கறுப்பினு கூப்பிட்டதுல பிள்ள தோலைத் தேய்ச்சுப் புண்ணாக்கிக்கிட்டா" என்று நடந்ததை மட்டும் சொன்னால் போதும். பேத்திக்கு ஊட்டாமல் சாப்பிடாத மனுஷிக்கு அது உறைக்கும்.

விருந்தாளிகளுக்கு மட்டும் அங்கேயே, அவள் காதுபட, நீங்கள் பதில் சொல்ல வேண்டும். "அவ அப்பா நிறம். எங்களுக்கு அதான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள். நீங்கள் சும்மா இருந்தால் அம்மாவும் அதை ஒப்புக்கொள்கிறாள் என்றுதான் அவளுக்குத் தோன்றும். அதற்காக நாள் முழுக்க "கறுப்புதான் அழகு" என்று சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அதுவும் நிறப் பேச்சுதான். அவள் வரைந்ததை, தம்பிக்குச் சட்டை மாட்டிவிட்டதைப் பற்றிப் பேசுங்கள். யாராவது சிவப்பழகு கிரீம் வாங்கித் தந்தால் பூச வேண்டாம். சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருக்கின்றன.

இதற்குப் பிறகும் தேய்ப்பது நிற்கவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறாள், போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்கிறாள் என்றால் தள்ளிப்போடாமல் அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.

நாளை சாயங்காலம் அவளை வெளியே விளையாட விடுங்கள். திரும்பி வந்ததும் இரண்டு பேரையும் ஒரே சோப்பில் குளிப்பாட்டுங்கள்.