மீனாட்சி என்று பெயர் வைத்தால் கூட்டத்தில் தொலைந்துபோவாளா?

கேள்வி: எங்கள் மகள் பிறந்து 45 நாள் ஆகிறது. என் அம்மாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் மீனாட்சி. அவர்தான் என்னை வளர்த்தார். அந்தப் பெயரையே மகளுக்கு வைக்க ஆசை. கணவருக்குச் சம்மதம். ஆனால் நாத்தனார், “மதுரையில் கல்லை எறிந்தால் ஒரு மீனாட்சி மேல்தான் விழும். இந்தக் காலத்தில் யாராவது இப்படிப் பேர் வைப்பார்களா?” என்கிறார். யாருக்கும் இல்லாத பெயர் என்று நாற்பது பெயர்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். வகுப்பில் நாலு மீனாட்சி இருந்து, என் மகள் ‘மூணாவது மீனாட்சி’ ஆகிவிடுவாளோ என்று எனக்கும் இப்போது பயம். என்ன செய்யலாம் டீச்சர்?
(மதுரை வாசகி)

பதில்: உங்கள் நாத்தனார் ஒரே மூச்சில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறார். எங்கு பார்த்தாலும் மீனாட்சி. இந்தக் காலத்தில் யாரும் மீனாட்சி என்று வைப்பதில்லை. கேட்கும்போது முரணாகத் தெரிந்தாலும் இரண்டிலும் உண்மை உண்டு. மதுரையில் மீனாட்சிகள் நிறைய. அவர்களில் பெரும்பாலோருக்கு முடி நரைத்துவிட்டது. உங்கள் மகள் அவர்களோடு பெஞ்சில் உட்காரப்போவதில்லை.

31 வருடம் தமிழாசிரியையாக இருந்தேன். தினமும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுவதுதான் முதல் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் பெயர் கேட்டு வருகிறவர்கள் நிற்கவில்லை. ஆகவே பதிவேட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2003-ல் எனக்கு ஆறாம் வகுப்பு பி பிரிவு. அதில் நாலு திவ்யா. இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்றே, எஸ். அரையாண்டுத் தேர்வுத் தமிழ்த் தாளில் ஒரு எஸ்.திவ்யாவுக்கு 87, இன்னொரு எஸ்.திவ்யாவுக்கு 38. மதிப்பெண்ணை மாற்றிப் போட்டுவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. 38 வாங்கியவள் ரேங்க் கார்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. 87 வாங்கியவள் மறுநாள் அப்பாவோடு வந்து ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள். அன்றைக்கே ஒருத்தியைக் ‘கண்ணாடி திவ்யா’ ஆக்கினோம், இன்னொருத்தியை ‘பாலத்தடி திவ்யா’. அந்த நாலு வீட்டிலும், 1990களின் தொடக்கத்தில் பிள்ளை பிறந்தபோது, புதுசாக, ஸ்டைலாக இருக்கட்டும் என்று தேடித்தான் திவ்யாவைப் பிடித்திருக்கிறார்கள். அதே வகுப்பில் மீனாட்சி ஒருத்திதான். அவளுடைய அம்மா மட்டும், “மாமியார் பேரு டீச்சர், பழைய பேரா இருக்கேன்னு எனக்கு மனசே ஆறல” என்று பெற்றோர் கூட்டத்தில் குறைபட்டுக்கொண்டார்.

ஒரு பெயர் பழசா என்பது ஒரு கேள்வி. அது அதிகமா என்பது வேறு கேள்வி. நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சில பெயர்கள் அலை மாதிரி வரும், பத்துப் பதினைந்து வருடம் வீடு தவறாமல் புகுந்துவிட்டுப் போய்விடும். சரோஜா, கமலா என்று ஒரு தலைமுறை. சுமதி, வசந்தி, கவிதா, லதா என்று அடுத்தது. திவ்யா, சரண்யா, பிரியா, காயத்ரி என்று அதற்கடுத்தது. பெயரைச் சொன்னாலே கிட்டத்தட்ட வயதைச் சொல்லிவிடலாம். மீனாட்சி அப்படிப்பட்டதில்லை. அது எந்தக் காலத்திலும் முழுசாகப் போனதும் இல்லை, ஒரே வகுப்பில் நாலு பேராகக் குவிந்ததையும் நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு வருடமும் எங்காவது ஒரு வீட்டில் ஓர் ஆச்சிக்காக வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஊர் முழுக்க மீனாட்சி என்று காதுக்குத் தோன்றுவது 8 வயதிலிருந்து 88 வயது வரை எல்லோரையும் கூட்டி எண்ணுவதால்தான்.

அமெரிக்காவில் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை அரசே வருடாவருடம் வெளியிடுகிறது. மேரி என்ற பெயர் 1961 வரை பெரும்பாலான வருடங்களில் பெண் பெயர்களில் முதலிடம். இன்று முதல் நூறில்கூட இல்லை. ஆனாலும் யாரைக் கேட்டாலும் மேரி ரொம்பச் சாதாரணமான பெயர் என்றுதான் சொல்வார்கள்!

நம் ஊரில் அப்படி ஒரு பட்டியல் கைக்குக் கிடைக்காது. ஆனால் வாக்காளர் பட்டியல் இருக்கிறது. தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பாகம் வாரியாகப் பார்க்கலாம். பெயருக்குக் கீழேயே வயதும் இருக்கும். உங்கள் வார்டுக்கான பாகத்தை எடுத்து, மீனாட்சிகளுக்குப் பக்கத்தில் என்ன வயது என்று பாருங்கள். 60-க்கு மேல் எத்தனை, 20 வயதில் எத்தனை என்று எண்ணினால் போதும். குழந்தைகளுக்கு அந்தப் பட்டியல் உதவாது. அதற்கு, சாயங்காலம் பள்ளி விடும் நேரத்தில் பக்கத்துத் தெரு நர்சரி வாசலில் ஒரு கால்மணி நேரம் நில்லுங்கள். ஆயா மைக்கில் கூப்பிடும் பெயர்கள்தான் உங்கள் மகளின் தலைமுறை.

அங்கே இன்னொன்றும் காதில் விழும். நாத்தனார் அனுப்பிய நாற்பதில் எத்தனை ‘ஷிகா’வில் முடிகின்றன, எத்தனை ‘ஸ்ரீ’யில் முடிகின்றன என்று பாருங்கள். ஹன்ஷிகா, தன்ஷிகா, யாஷிகா எல்லாம் எழுத்தில் வேறு வேறு பெயர்தான். கூப்பிடும்போது முதல் எழுத்து காற்றில் போய்விடும், வால்தான் கேட்கும். மூன்று பிள்ளைகள் ஒன்றாகத் திரும்பும். நான் ஓய்வு பெறும் சமயத்தில் எங்கள் பள்ளி ஆயா, “இந்த ஷிகாக்களை வரிசையில் நிறுத்தறதுக்குள்ள நாக்கு சுளுக்கிக்குது” என்று அலுத்துக்கொள்வார். யாருக்கும் இல்லாத பெயரை எல்லோரும் ஒரே இணையப் பக்கத்தில் தேடினால் வேறென்ன நடக்கும்?

சரி, மீனாட்சியால் தொல்லையே வராதா? வரும். அதையும் சொல்லிவிடுகிறேன்.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, பெயரும் இனிஷியலும்தான். எஸ்.மீனாட்சி என்றால், அதுவும் மதுரையில், வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ இன்னொரு எஸ்.மீனாட்சி இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இது புதுத் தலைவலியும் இல்லை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஒரு சங்கப் புலவரைக் குறிக்கிறோமே, ஊரும் அப்பாவும் அங்கே எதற்கு? வேறொரு நக்கீரனார் இருந்தால் குழம்பக்கூடாது என்றுதானே! ஔவையாரை எடுத்துக்கொண்டால், ஒரே பெயரில் வெவ்வேறு நூற்றாண்டுகளில் பாடியவர்களைப் பிரிப்பதற்குள் தமிழ் படிப்பவர்களுக்குத் தலை சுற்றும்.

காரைக்குடியில் எங்கள் தெருவிலேயே மூன்று மீனாள் இருந்தார்கள். மீனாட்சியை அந்தப் பக்கம் மீனாள் என்றுதான் கூப்பிடுவார்கள். பர்மாக்கார வீட்டு மீனாள், முக்கு வீட்டு மீனாள், சின்ன மீனாள். தபால்காரர் உட்பட யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. தெருவில் சரி, கம்ப்யூட்டருக்கு முக்கு வீடு தெரியாதே! ஆகவே பிறப்புச் சான்றிதழில் பெயரை எழுதும்போது ஒற்றை எழுத்து இனிஷியலோடு விடாமல், அப்பா பெயரையோ அம்மா பெயரையோ முழுதாகச் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு சிறிய இரண்டாம் பெயர் சேர்க்கலாம்: மீனாட்சி நிலா, மீனாட்சி தென்றல் மாதிரி. அப்படிச் சேர்த்தால் ஆதார், பள்ளிச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அதே வரிசை, அதே இடைவெளி இருக்க வேண்டும். ஒன்றில் சேர்த்தும் இன்னொன்றில் பிரித்தும் எழுதிவிட்டுப் பத்தாம் வகுப்பில் திருத்தம் கேட்டு ஓடுகிற பெற்றோரை வருடாவருடம் பார்த்திருக்கிறேன்.

நான் வேண்டாம் என்று சொல்லக்கூடிய சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று. உங்கள் ஆச்சி உங்களுக்கு மட்டும் ஆச்சி இல்லையே. அண்ணன், தம்பி, சித்தி பிள்ளைகள் என்று வேறு யாராவது ஏற்கெனவே தங்கள் மகளுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்களா, வைக்கப்போகிறார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவைதான். பாட்டன் பாட்டி பெயரைத் தாங்குகிறவர்கள். அதனாலேயே அண்ணன் தம்பி வீடுகளில் ஒரே பெயர் இரண்டு மூன்று பேருக்கு அமைந்துவிடும். வெவ்வேறு ஊர் என்றால் பரவாயில்லை. ஒரே வீட்டில் மேலேயும் கீழேயும் குடியிருந்தால், தீபாவளிக்குக் கூடும்போதெல்லாம் பெரிய மீனாட்சி, சின்ன மீனாட்சிதான்.

அப்படி இருந்தால், அல்லது நாத்தனாரோடு சமாதானமாகப் போக வேண்டுமென்றால், அங்கயற்கண்ணி இருக்கிறது. மீனாட்சிக்கும் இதற்கும் பொருள் ஒன்றே, அழகிய கயல்மீன் போன்ற கண்ணுடையவள். சம்பந்தர் ஆலவாயை, அதாவது மதுரையைப் பாடிய பதிகத்தில் அம்மனை அங்கயற்கண்ணி என்றுதான் சொல்கிறார். கூப்பிட ‘கயல்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ஆனால் வெறும் கயல் இப்போது ஓர் அலை, கயல்விழியும் அப்படியே. முழுப் பெயராக அங்கயற்கண்ணி அபூர்வம். ஆச்சி பெயர் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி சொல்வேன்: சொந்த ஊர்க் கோயிலுக்குப் போய் அம்மன் சன்னதி வாசலில் எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள். திருநெல்வேலி காந்திமதி, சங்கரன்கோவில் கோமதி, திருக்கடையூர் அபிராமி ஊரறிந்த பெயர்கள். குற்றாலத்துக் குழல்வாய்மொழியும் அவிநாசிக் கருணாம்பிகையும் திருவாரூர்க் கமலாம்பாளும் வகுப்பறையில் அவ்வளவாகக் காணக் கிடைக்காதவர்கள். எத்தனை ஷிகாக்கள் வந்தாலும் ஒரு குழல்வாய்மொழிக்கு ஈடாகுமா என்று எனக்குத் தோன்றும். தமிழாசிரியையின் ஓரவஞ்சனை, மன்னியுங்கள்.

உங்கள் விஷயத்தில் என் முடிவு மீனாட்சிதான். வளர்த்தவர் பெயர், காரணம் கேட்டால் மகளுக்குச் சொல்ல உங்களிடம் ஒரு கதை இருக்கிறது. வீட்டில் கூப்பிட ஒரு செல்லப்பெயரும் சேர்த்து யோசித்துவையுங்கள். எப்படியும் தேவைப்படும். உங்கள் அம்மா தன்னைப் பெற்றவளின் பெயரைச் சொல்லிப் பேத்தியை அதட்ட மாட்டார். “சோத்தைத் துப்பாதே மீனாட்சி” என்று அவர் வாயில் வரவே வராது. மீனா, மீனு, மீனாள் எல்லாம் கைவசம் இருக்கின்றன.

அவசரமும் இல்லை. பிறப்பைப் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் கிடையாது. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்குச் சான்று பிறப்புச் சான்றிதழ்தான்.

பெயரைப் பதியப் போவதற்கு முன்னால் ஆங்கில எழுத்தை மட்டும் வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். ‘மீனா’வுக்குப் பின்னால் கே, எஸ், ஹெச், ஐ என்று எழுதுகிறவர்கள் பாதி, டி, சி, ஹெச், ஐ என்று எழுதுகிறவர்கள் பாதி. நாம் வாயால் சொல்கிற ‘ட்சி’க்கு இரண்டாவதுதான் பொருத்தம், முதலாவது வெளியூரில் எல்லோரும் எதிர்பார்ப்பது. எதுவானாலும் சரி, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். வாயால் மட்டும் சொன்னால், கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர் தன் வீட்டு மீனாட்சிக்கு என்ன எழுத்தோ அதைத்தான் தட்டுவார்.